போர்த்துகீசியக் கடன்சொற்களில் ஒலியசைப் பிரிப்பும் அழுத்தமும்: வடசென்னைக் கடலோர வழக்கை முன்வைத்து ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழில் வழங்கும் போர்த்துகீசியச் சொற்களைத் தொகுத்துரைக்கும் கட்டுரைகள் குறைவல்ல. மேசை, சாவி, அலமாரி, சன்னல், பாதிரி, மேஸ்திரி, பீப்பாய், துவாலை, கிராதி, ஏலம் எனத் தொடங்கும் பட்டியல் பெரும்பாலும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. மூலச்சொல் இது, தமிழ் வடிவம் இது என்று இரு நிரல்களில் நிறுத்திவிட்டு, இடையில் நிகழ்ந்ததைத் ‘திரிபு’ என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுவது இக்கட்டுரைகளின் பொதுப்போக்கு. ஏன் இந்த உயிர் நீண்டது, ஏன் அந்த மெய் இரட்டித்தது, ஏன் ஈற்றுயிர் உகரமாயிற்று என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை.

இவ்வினாக்களுக்கு விடை காணும் வழி, மூலமொழியின் ஒலியசைப் பிரிப்பையும் அழுத்தத்தையும் அறிவதில் தொடங்குகிறது. போர்த்துகீசியச் சொல்லை அசை பிரித்து, அழுத்தம் விழும் இடத்தைக் கண்டு, அதன்பின் தமிழ் வடிவத்தோடு ஒப்பிட்டால் ‘திரிபு’ என ஒதுக்கப்பட்டவற்றுள் பெரும்பகுதி ஒழுங்குடையதாகத் தோன்றும். அந்த ஒழுங்கை விளக்கும் கருவிகள் தொல்காப்பியம் தொட்டுத் தமிழிலக்கணத்திலேயே உள்ளன. எனவே, கடன்சொல் ஆய்வில் ஒலியசையும் அழுத்தமும் தவிர்க்கவியலாத முதற்படியாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

களமும் காலமும்

எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்டது அத்திப்பட்டு. இன்று அனல்மின் நிலையத்தாலும் துறைமுகத்தாலும் அறியப்படும் இப்பகுதி, 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் நிலைகொண்ட பழவேற்காட்டின் அண்மைப் புறமாகும். பழவேற்காட்டிலுள்ள மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515-ஆம் ஆண்டிற்கு உரியதாகக் கொள்கிறது. தெற்கே மயிலாப்பூரில் சாந்தோம் குடியிருப்பு வளர்ந்தது. 1610-இல் டச்சுக்காரர் பழவேற்காட்டில் கால்கொண்டு, 1613-இல் கெல்திரியா கோட்டையை நிறைவுசெய்த பின்னரும் போர்த்துகீசிய மொழி கரையை விட்டு அகலவில்லை. 1698-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கப்பட்ட பட்டயம், இங்கு வரும் சமயக் குருமார் ஓராண்டுக்குள் போர்த்துகீசியம் கற்க வேண்டும் என விதித்தது. ஆட்சி மாறியும் கரையோரத்தின் பொதுமொழியாக அம்மொழி நீடித்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றும் காசிமேட்டு மீன்பிடித் துறையில் மீன் ஏலம் போகிறது. அத்திப்பட்டிலும் மீஞ்சூரிலும் கட்டடப் பணியை மேஸ்திரி நடத்துகிறார். இராயபுரம் முதல் பழவேற்காடு வரை அந்தோனி, சந்தியாகு, இன்னாசி, சூசை என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவை ஏட்டுவழி வந்தவை அல்ல. தமிழ்ச் செவி கேட்டு, தமிழ் நா வழங்கி நிலைபெற்றவை. ஆகவே எழுத்தைக் காட்டிலும் ஒலியே இவற்றுக்கு மூலச்சான்றாகும்.

போர்த்துகீசியத்தில் அசையும் அழுத்தமும்

போர்த்துகீசியத்தில் ஒவ்வோர் உயிரொலியும் ஓர் ஒலியசைக்கு மையமாகும். ஈருயிர் இணைந்து ஒன்றாய் ஒலிக்குமிடத்து ஓரசையாகவும், பிரிந்தொலிக்குமிடத்து ஈரசையாகவும் கொள்ளப்படும். ‘ப்ர’, ‘த்ர’, ‘க்ர’ போன்ற மெய்ம்மயக்கங்கள் பிரிக்கப்படாமல் அடுத்த உயிரோடு சேரும். இரட்டித்த ரகரமும் சகரமும் எழுத்தில் இரண்டாகப் பிரிக்கப்படும்.

அழுத்தம் சொல்லின் இறுதி மூன்று அசைகளுள் ஒன்றன்மேல் விழும். இறுதி அசையில் விழின் ஈற்றழுத்தச் சொல். இறுதிக்கு முன்னசையில் விழின் ஈற்றயல் அழுத்தச் சொல். அதற்கும் முன்னசையில் விழின் முன்னீற்றயல் அழுத்தச் சொல் எனலாம். அகர, எகர, ஒகர ஈற்றுச் சொற்கள், தனியே வரினும் ஸகரம் அடுத்து வரினும், இயல்பாக ஈற்றயல் அழுத்தம் பெறும். இகர, உகர ஈற்றுச் சொற்களும் லகர, ரகர, ஸகார ஒலியுடைய இசட் எழுத்து முதலிய மெய்யீற்றுச் சொற்களும் ஈற்றழுத்தம் பெறும். இவ்வியல்பினின்று மாறுபடுவன மேற்குறியால் உணர்த்தப்படும். மேற்குறி இடும் முறை 1911-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் ஒழுங்குபெற்றது. ஆயினும் அழுத்தத்தின் இடம் பெரும்பாலும் இலத்தீனிலிருந்தே மாறாமல் வருவதாகும். ஆதலின் 16-ஆம் நூற்றாண்டுச் சொற்களுக்கும் இவ்விதிகளைப் பொருத்திக் காணத் தடையில்லை.

ஒரு முறைமையை இங்குச் சுட்டுதல் வேண்டும். போர்த்துகீசியச் சொற்களைத் தமிழில் எழுதும்போதே நெடிலிட்டு எழுதிவிட்டால், நிறுவ வேண்டியதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டதாகிவிடும். எனவே இக்கட்டுரையில் மூலச்சொற்கள் யாவும் குறில் உயிர்களாலேயே எழுதப்படுகின்றன. அழுத்தம் பெறும் அசை மேற்கோள் குறிக்குள் தரப்படுகிறது.

அழுத்தம் நெடிலாதல்

தமிழில் அழுத்தம் பொருளை வேறுபடுத்துவதில்லை. குறில் நெடில் வேறுபாடோ பொருளை வேறுபடுத்தும். அழுத்தம் பெற்ற உயிர் அழுத்தம் பெறாத உயிரினும் சற்று நீண்டொலிக்கும் இயல்பினது. அந்நீட்சியைத் தமிழ்ச் செவி நெடிலாகக் கேட்டது என்பதே கடன்சொற்கள் காட்டும் உண்மை.

ஈரசைச் சொற்களை முதலில் நோக்கலாம். ‘மெ’-ஸ மேசையாயிற்று. ‘ச’-வெ சாவியாயிற்று. ‘ப’-த்ரெ பாதிரியும், ‘மெஸ்’-த்ரெ மேஸ்திரியும், ‘பி’-ப பீப்பாயும், ‘பெ’-ன பேனாவும், ‘க்ர’-தெ கிராதியும் ஆயின. அனைத்திலும் அழுத்தம் பெற்ற உயிரே நெடிலாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். தமிழில் ஈரசைப் பெயர்கள் முதலுயிர் நீண்டு வருதல் பெருவழக்கு. காடு, வீடு, பாதி, மேடை போன்ற சொற்களின் சாயலில் இவையும் நீண்டிருக்கக் கூடாதா என்பதே அம்மறுப்பு. ஈரசைச் சொற்களை மட்டும் கொண்டு இதற்கு விடைகூற இயலாது. மூவசையும் அதற்கு மேலும் உடைய சொற்களே தீர்ப்பளிக்க வல்லவை. அர்-‘ம’-ரியொ என்பது அலமாரி ஆயிற்று, ஆலமரி ஆகவில்லை. தொ-‘அ’-ல்ய என்பது துவாலை ஆயிற்று. அன்-‘தொ’-னியொ அந்தோனியாயிற்று. இ-‘ன’-சியொ இன்னாசியாயிற்று. சன்-தி-‘அ’-கொ சந்தியாகு ஆயிற்று. ஃபெர்-‘னன்’-தொ பெர்னாந்து ஆயிற்று. பிஸ்-‘கொய்’-தொ பிஸ்கோத்து ஆயிற்று. ஈற்றழுத்தச் சொற்களும் இவ்வாறே: அ-ன-‘னஸ்’ அன்னாசி எனவும், பொ-‘தௌன்’ பொத்தான் எனவும் வந்தன. கப்பல்களுக்குப் போர்த்துகீசியர் வழங்கிய கடவுச்சீட்டின் பெயரான கர்-‘தஸ்’ என்பதே கடுதாசி என்னும் சொல்லுக்கு மூலம் எனக் கொள்வோர் கூற்றுக்கும் இவ்வொழுங்கு துணைநிற்கிறது. அதிலும் நெடில், அழுத்தம் விழும் தகரத்தின் மேலதே.

இச்சொற்களில் நெடில் முதலிலும் வரவில்லை. எல்லாச் சொல்லிலும் ஒரே இடத்திலும் வரவில்லை. மூலமொழியில் அழுத்தம் எங்குச் சென்றதோ அங்கு நெடிலும் சென்றது. தமிழ்ச் சாயல் என்னும் விளக்கம் இங்குப் போதாது.

அழுத்தமற்ற ஈறும் இரு குறுக்கங்களும்

அழுத்தம் நெடிலானால் அழுத்தமின்மை என்னவாயிற்று? இதற்கான விடை தமிழிலக்கணத்தின் மிக நுண்ணிய பகுதியில் உள்ளது.

ஈற்றயல் அழுத்தச் சொற்களின் ஈற்றுயிர் நலிந்தொலிக்கும். இன்றைய போர்த்துகல் பேச்சில் ஈற்று ஒகரம் உகரமாகவே கேட்கப்படும். தமிழில் அது பெர்னாந்து, சந்தியாகு, மச்சாது, பிஸ்கோத்து எனக் குற்றியலுகரமாக நின்றது. ஈற்று அகரம் மேசை, துவாலை என ஐகாரமாயிற்று. சொல்லிறுதி ஐகாரம் குறுகி ஒலிக்கும் என்பதும் அது ஐகாரக்குறுக்கம் எனப்படும் என்பதும் இலக்கணம் பயின்றோர் அறிந்தவை. ஈற்று எகரம் சாவி, பாதிரி, கிராதி எனக் குறில் இகரமாயிற்று. ஆக, அழுத்தமற்ற ஈற்றுயிரைத் தமிழ் தன்னிடமுள்ள மிகக் குறைந்த மாத்திரையுடைய இடங்களில் வைத்தது. மாத்திரைக் கணக்கில் இதனினும் பொருத்தமான ஏற்பாட்டைத் திட்டமிட்டுச் செய்தல் அரிது.

பேனா, ஆயா, வராந்தா என நெடிலீறு பெற்ற சொற்களும் உள. இவை மேசை, துவாலை போன்று கரைவழி நேராக வந்தவையா, இந்துஸ்தானியும் ஆங்கிலமும் இடைநின்று வழங்கியவையா என்பது ஆராயத்தக்கது. ஈற்றுயிரின் வடிவம் சொல் வந்த வழியைக் காட்டும் அடையாளமாக அமையக்கூடும். மூலச்சொல்லை மட்டும் குறிக்கும் பட்டியல் இவ்வாய்ப்பை இழந்துவிடுகிறது.

ஒலியசையும் யாப்பசையும்

இங்கு ஒரு கலைச்சொற் குழப்பத்தை நீக்குதல் இன்றியமையாதது. பிறமொழி இலக்கணங்கள் கூறும் ஒலியசையையும் தமிழ் யாப்பிலக்கணம் கூறும் அசையையும் ஒரே சொல்லால் வழங்குவதால் இரண்டும் ஒன்றெனக் கொள்ளும் பிழை பரவியுள்ளது. ஒலியசை ஓர் உயிரை மையமாகக் கொண்டது. யாப்பசையுள் நேரசை ஓர் ஒலியசையாகவும், நிரையசை இரண்டு ஒலியசைகளாகவும் அமையும். தொல்காப்பியர் இவற்றோடு உகர ஈறு சேர்ந்த நேர்பு, நிரைபு என்பவற்றையும் அசையாகக் கொண்டார். பின்வந்த யாப்பருங்கலம் முதலியன நேர், நிரை என்னும் இரண்டையே தனியசைகளாகக் கொண்டன.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு கடன்சொற்களை அலகிட்டால் எதிர்பாராத பொருத்தம் வெளிப்படுகிறது. ‘ப’-த்ரெ ஈரசைச் சொல். தமிழில் பாதிரி மூன்று ஒலியசை உடையதாகிவிட்டது. ஆனால் யாப்புவழி அலகிட்டால் பா, திரி என நேரும் நிரையுமாக இரண்டே அசைகள். ‘மெஸ்’-த்ரெ என்பதும் மேஸ், திரி என இரண்டே. ‘க்ர’-தெ என்பது கிரா, தி என இரண்டே. அர்-‘ம’-ரியொ என்பது அல, மா, ரி என மூன்றே. மெய்ம்மயக்கத்தை உடைக்கத் தமிழ் இடையே ஓர் உயிரைச் சேர்க்கிறது. அவ்வாறு சேர்ந்த உயிர் தனியசையாகாமல் அடுத்த உயிரோடு இணைந்து நிரையாகிவிடுகிறது. ஒலியசை கூடினும் யாப்பசை கூடுவதில்லை.

குருசு என்னும் சொல் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. மூலத்தில் அது ‘க்ருஸ்’ என ஓரசையே. தமிழில் மூன்று எழுத்தும் மூன்று உயிரும் பெற்றுவிட்டது. எனினும் தொல்காப்பியர் நெறிப்படி நிரையசையின்பின் உகரம் வந்தமையின் இது நிரைபு என்னும் ஓரசையாகும். பெர்னாந்து என்பதில் னாந்து என்னும் பகுதி நேர்பு. அழுத்தம் பெற்ற அசையும் அதனைத் தொடரும் நலிந்த ஈறும் ஒன்றிணைந்து ஓரசையாய் நிற்பது இங்குக் காணத்தக்கது. பிற்கால யாப்பு கைவிட்ட நேர்பு, நிரைபு என்னும் பகுப்பு, பேச்சின் ஒலியமைப்பை விளக்குவதில் இன்னும் உயிர்ப்புடையது என்பதற்கு இச்சொற்கள் சான்றாகின்றன.

மெய் இரட்டித்தலும் இவ்வழியே விளங்கும். பொத்தான், பீப்பாய், மச்சாது ஆகியவற்றில் வல்லினம் இரட்டித்தமைக்கு வேறு காரணம் உண்டு. உயிரிடையே தனித்துவரும் வல்லினம் தமிழில் மெலிந்தொலிக்குமாதலின், மூலத்தின் வல்லோசையைக் காக்க இரட்டிப்பு வேண்டியதாயிற்று. ஆனால் அன்னாசி, இன்னாசி என்பவற்றில் இரட்டித்தது னகரம். அதற்கு வல்லோசை காக்கும் தேவை இல்லை. அனாசி, இனாசி எனக் குறிலையடுத்து நெடில் வரின் இரண்டும் சேர்ந்து நிரையசையாகிவிடும். அழுத்தம் பெற்ற அசை தன் தனித்தன்மையை இழக்கும். னகரம் இரட்டித்ததால் முன்னசை நேராக மூடப்பட்டு, நாகாரம் புதிய அசையைத் தொடங்குகிறது. மூலத்தின் அழுத்த அசை தமிழிலும் தலைமை பெற்று நிற்கிறது. உயிரும் உயிரும் அடுத்து நின்ற தொ-‘அ’-ல்ய, சன்-தி-‘அ’-கொ என்பவற்றிலோ மெய் இல்லாமையின் இரட்டிப்புக்கு இடமில்லை. அங்கு உடம்படுமெய் தோன்றி, துவா எனவும் தியா எனவும் நிரையாயின. இருவகைச் சொற்களும் தத்தம் சூழலுக்கேற்ற விதியையே பின்பற்றியுள்ளன.

போர்த்துகீசிய இலக்கண நூலார் இடையே கருத்து வேறுபாடுள்ள ஓரிடத்திலும் தமிழ்ச் சான்று பயன்படக்கூடும். அர்மரியொ, அந்தொனியொ, இனசியொ போன்ற சொற்களின் ஈற்றை ஓரசையாகக் கொண்டு ஈற்றயல் அழுத்தம் என்பதா, ஈரசையாகப் பிரித்து முன்னீற்றயல் அழுத்தம் என்பதா என்பது அவர்தம் வினா. அலமாரி, அந்தோனி, இன்னாசி என மூன்றிலும் தமிழ் அவ்வீற்றை ஒரே அசையாக்கியுள்ளது. ஈற்றுயிர் தமிழில் தனியே கெட்டிருத்தலும் கூடுமாதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. ஆயினும் 16-ஆம் நூற்றாண்டின் பேச்சைக் கேட்ட ஒரு செவியின் சாட்சியமாக இது மதிக்கத்தக்கது.

விதிவிலக்குகள் உணர்த்துவன

ஒழுங்குக்கு அடங்காத சொற்களும் உள. ஜ-‘னெ’-ல என்பதில் அழுத்தம் நடு அசையில் உள்ளது. தமிழில் சன்னல் என அவ்வசையின் உயிர் நீளாது நின்றது. லெய்-‘லௌன்’ ஈற்றழுத்தச் சொல். தமிழில் ஏலம் என ஈறு குறுகி முதல் நீண்டது. ஜொ-‘ஸெ’ என்பதும் ஈற்றழுத்தச் சொல்லே. தமிழில் சூசை என்று முதல் நீண்டது.

இவற்றை மறைப்பது ஆய்வாகாது. இவற்றின் வடிவத்தை நோக்கின் ஒரு பொதுக்கூறு புலப்படும். சன்னல் என்பது மின்னல், பின்னல், கன்னல் என்னும் சொற்களின் வரிசையில் சென்று சேர்ந்துள்ளது. லகரம் தமிழில் மொழிமுதல் வாராமையின் லெய் என்பது ஏ என நின்று, ஏலக்காயைக் குறிக்கும் ஏலம் என்னும் பழஞ்சொல்லின் வடிவத்தோடு ஒன்றிவிட்டது. சூசை, ஐகார ஈற்றுப் பெயர்களோடு இணைந்தது. அயற்சொல்லின் ஓசையைக் காக்கும் விதியும் அதனைத் தமிழ்ப் பெயரின் வார்ப்புக்குள் கொணரும் விதியும் போட்டியிட்டபோது, இவற்றில் இரண்டாவது வென்றது எனலாம்.

அண்டை மொழிகள் இக்கருத்தைச் சோதிக்க உதவும். சிங்களத்தில் அதே சொல் ஜனேலய என நடு அசை நீண்டு வழங்குகிறது. மலையாளத்தில் ஜனல் என்பதோடு ஜனால என்னும் நெடில் வடிவமும் உண்டு. தமிழின் சன்னல் மட்டுமே முழுதும் விலகியுள்ளது. மலாய்மொழியில் ஜெண்டெலா, மெஜா, லெமாரி எனப் போர்த்துகீசியச் சொற்கள் பல வழங்கினும், அம்மொழியில் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபடுத்தாமையின் அழுத்தத்தின் சுவடு எழுத்தில் புலனாவதில்லை. உயிரின் அளவைப் பொருட்படுத்தும் தமிழ், மலையாளம், சிங்களம் ஆகியவையே இவ்வகை ஆய்வுக்குச் சிறந்த களங்கள்.

ஊர்ப்பெயர்கள் காட்டும் மறுதிசை

தமிழ்ச் சொற்களைப் போர்த்துகீசியர் கேட்ட முறையும் நோக்கத்தக்கது. பழவேற்காட்டை அவர்கள் பலெஅகதெ என எழுதினர். எகர ஈறாதலின் ப-லெ-அ-‘க’-தெ என அழுத்தம் ககரத்தின்மேல் விழும். தமிழில் அவ்விடத்தில் இருப்பது காகார நெடில். மயிலாப்பூர் மெலியபொர் எனப்பட்டது. ரகர ஈறாதலின் மெ-லி-அ-‘பொர்’ என ஈற்றழுத்தம் பெறும். தமிழில் அங்கும் ஊகார நெடிலே உள்ளது. தமிழின் நெடிலை அவர்கள் அழுத்தமாகக் கேட்டனர். அவர்களின் அழுத்தத்தைத் தமிழர் நெடிலாகக் கேட்டனர். நாகப்பட்டினம் நெகப‘தௌன்’ ஆனது போன்று இதற்கு அடங்காதனவும் உள. எனினும் இருதிசைச் சான்றும் ஒன்றையொன்று வலியுறுத்துதல் தற்செயலாகாது.

அத்திப்பட்டு என்னும் பெயரையே சோதனையாகக் கொள்ளலாம். தமிழில் ஈற்றுகரம் குற்றியலுகரம். சொல்லிலேயே மிக மெலிந்த ஒலி. ஆனால் போர்த்துகீசிய எழுத்துநெறியில் இதனை உகர ஈறாக எழுதின் அழுத்தம் இறுதியில் விழுந்து, மெலிந்த ஒலியே வலிந்த ஒலியாகிவிடும். உண்மை ஒலிப்புக்கு அணுக்கமாக எழுத விரும்புவோர் ஒகர ஈறிட்டு எழுத வேண்டும். ஓர் எழுத்தின் வேறுபாடு சொல்லின் ஓசை முழுவதையும் மாற்றிவிடும் என்பதற்கு இஃது எளிய சான்று.

பதிப்புக்கும் கல்விக்கும் உரிய தேவை

இவ்வாய்வு வெறும் ஒலியியல் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. முதற்கண், பதிப்புப் பணியில் இதன் தேவை உண்டு. அன்றிக்கே அன்றிக்கசு 1549 வாக்கில் எழுதிய தமிழ் இலக்கணமும், 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும், 1579-இல் கொச்சியில் அச்சான கிரீசித்தியானி வணக்கமும், 1586-இன் அடியார் வரலாறும், 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயென்சா அடிகளின் தமிழ்-போர்த்துகீசிய அகராதியும் இத்துறையின் மூலநூல்கள். அகராதியைத் தனிநாயகம் அடிகள் 1966-இல் கோலாலம்பூரில் நிழற்படிப் பதிப்பாக வெளியிட்டார். வீரமாமுனிவரின் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட அச்சு நூல்கள் அக்காலச் சுவடி வழக்கையே பின்பற்றின. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது, புள்ளியும் இராது. அந்நூல்களில் வரும் போர்த்துகீசியச் சொல்லையோ பெயரையோ இன்றைய எழுத்தில் பெயர்த்தெழுதும் பதிப்பாசிரியர், குறிலிடுவதா நெடிலிடுவதா என ஒவ்வோரிடத்தும் முடிவுசெய்தாக வேண்டும். அழுத்த விதி அறியாதவிடத்து அம்முடிவு ஊகமாகிவிடும்.

இரண்டாவது, அகராதியியல். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் போர்த்துகீசிய மூலங்களைக் குறித்துச் செய்த பணி பெரிது. அடுத்துவரும் பதிப்புகள் மூலச்சொல்லோடு அசைப்பிரிப்பையும் அழுத்த இடத்தையும் தருமாயின், ஐயத்துக்குரிய சொற்பிறப்புகளைச் சோதிக்கும் அளவுகோல் ஒவ்வொரு பயனருக்கும் கிட்டும்.

மூன்றாவது, மதிப்பீடு பற்றியது. கடலோர மக்கள் வழங்கும் சந்தியாகு, பெர்னாந்து, குருசு போன்ற வடிவங்களைக் கொச்சை எனக் கருதி, ஆங்கிலவழி வந்த சாண்டியாகோ, பெர்னாண்டோ என்னும் வடிவங்களே திருந்தியவை என எண்ணும் வழக்கம் கல்விக்கூடங்களிலும் ஏடுகளிலும் காணப்படுகிறது. ஒலிச்சான்று இதற்கு நேர்மாறானது. மூலத்தில் நலிந்தொலிக்கும் ஈற்று ஒகரத்தை ஆங்கில எழுத்தின் வழியே கண்டு ஓகார நெடிலாக்குவது மூல ஒலிப்பினின்று விலகுவதாகும். இன்று நாளேடுகள் எழுதும் ரொனால்டோ என்னும் பெயரிலும் நடு அசையின் நெடில் அழுத்தத்துக்கு இயைந்தது. ஈற்று நெடில் இயைபற்றது. எழுத்தறிவு வாய்க்காத கடலோடி தன் செவியால் பெற்ற வடிவம், எழுத்தைப் பார்த்துப் பெற்ற வடிவத்தினும் மூலத்துக்கு நெருக்கமாக நிற்கிறது. தமிழ்த்துறைகள் இதனை உரத்துச் சொல்லக் கடமைப்பட்டவை.

அயற்சொல் ஆய்வு தனித்தமிழ் உணர்வுக்கு மாறானது என்னும் எண்ணமும் சிலரிடம் உண்டு. சாளரம், திறவுகோல் என்பவற்றை ஆளுதல் அவரவர் நடையைப் பொறுத்தது. அதற்கும் சன்னலின் வரலாற்றை ஆராய்வதற்கும் பகையில்லை. நன்னூலார் வடமொழியாக்கத்துக்குப் பதவியலில் விதி வகுத்தது வடசொல்லைப் பெருக்குவதற்கன்று. வந்த சொல் தமிழாகும் முறையை உணர்த்துதற்கே. போர்த்துகீசியச் சொல் தமிழான முறையைக் கூறும் விதிகள் இன்னும் தொகுக்கப்படாமல் இருப்பதே குறை.

நிறைவுரை

மேற்கூறியவற்றால் மூன்று பணிகள் உடனடித் தேவையாகின்றன. முதுகலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தில் கடன்சொல் பற்றிய பகுதி, போர்த்துகீசிய அசைப்பிரிப்பு விதிகளையும் அழுத்த விதிகளையும் இரண்டு மூன்று வகுப்புகளிலேனும் கற்பித்தல் வேண்டும். விதிகள் சிலவே, ஒரு வாரத்தில் கைவரப்பெறுவன. அடுத்து, ஒலியசை, யாப்பசை என்னும் கலைச்சொற்களை வேறுபடுத்தி ஆளும் மரபை ஆய்விதழ்கள் வலியுறுத்த வேண்டும். மூன்றாவதாக, காசிமேடு முதல் பழவேற்காடு வரையுள்ள கடலோர ஊர்களில் முதியோர் வழங்கும் பெயர்களையும் வழிபாட்டுச் சொற்களையும் பொருட்பெயர்களையும் ஒலிப்பதிவாகத் தொகுக்க வேண்டும்.

இறுதியாகக் கூறிய பணிக்குக் காலம் குறைவு. 1994-இல் அத்திப்பட்டுப் பகுதியில் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது முதல், எண்ணூர்த் துறைமுகமும் அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தது வரை, இக்கரையின் குடியிருப்பும் தொழிலும் பெரிதும் மாறியுள்ளன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் திருவழிபாட்டுத் தமிழும் மாறிற்று. இஸ்பிரித்து சாந்து என்பது தூய ஆவியாகவும், குருசு சிலுவையாகவும் வழங்கும் தலைமுறை வந்துவிட்டது. புதிய சொற்கள் தமிழுக்கு உரியவை; வரவேற்கத்தக்கவை. ஆயின் பழைய சொல்லின் நெடிலும் குற்றியலுகரமும் நூலில் எழுதப்பட்டவை அல்ல. அவற்றைச் சொல்லும் நாவோடு அவையும் மறையும். பட்டியல்கள் நூலகத்தில் காத்திருக்கும், ஒலிப்புகள் காத்திருக்கமாட்டா. ஆய்வாளர் முதலில் செல்ல வேண்டிய இடம் எதுவென்பது இதனால் தெளியப்படும்.